வண்டி நிறுத்த அரை ஏக்கர்

யூமா, அரிசோனா
அக்டோபர் 4, 2023

வில்டாவுக்கு,

முதலில் நல்ல சேதிகள். நம் ஷெல்பி நர்ஸ் பரீட்சை தேறிவிட்டாள். லெக்சிங்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. சட்டைப் பைக்கு மேலே அவள் பெயரைத் தைத்தே கொடுத்திருக்கிறார்கள். கோல்பி வெல்டிங் சான்றிதழ் வாங்கிவிட்டான். பாலத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டு வேலை. அவன் பற்றவைத்த இடத்தை இன்ஸ்பெக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாராம். ஒன்றும் சொல்லாமல் போவதுதான் அந்த வேலையில் பாராட்டு. சின்னவள் மேசி, மாவட்ட எழுத்துக்கூட்டல் போட்டியில் இரண்டாம் இடம். முதலாவதாக வந்த பையனின் அம்மா டீச்சர், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு புகையிலைக் காட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருத்தியின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்று யாராவது கேட்டால் தைரியமாகச் சொல்.

போனில் பேசினால் நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நாங்கள் வீட்டு வண்டியை நிறுத்தியிருக்கிற இந்த முகாமை வெளியூர்க் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. புதுச் சரளை கொட்டி, வாசலில் இரண்டு பனைமரம் நட்டு, மாத வாடகையை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். உன் அத்தான் டெல்மருக்குச் சுரங்க நோய்க்காக வரும் பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். போதாததற்கு, பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டியை உள்ளே விடமாட்டார்களாம். எங்கள் வண்டிக்கு வயது இருபத்தைந்து. ஆபீஸில் இருந்த பெண்ணிடம் இவர் கேட்டார்: "வண்டிக்குப் பத்து வயசுன்னா, உள்ள இருக்கிறவனுக்கு எத்தனைம்மா?" அவள் சிரிக்கவில்லை.

கிளம்புகிறோம். டெல்மருக்கும் ஒரே இடம் அலுத்துவிட்டது. நியூ மெக்சிகோவில் டெமிங் என்று ஒரு ஊர். அங்கே தபால் நிலையத்தில் என் பெயருக்கு வைத்திருக்கச் சொல்லி எழுது. எழுத மனமிருந்தால்.

ஆர்டித்


டேட்டன், ஒஹாயோ
அக்டோபர் 17

அக்கா,

கடிதம் கிடைத்தது. பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கம். அத்தான் மூச்சு விடுகிறாரா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. "ஒரே இடம் அலுத்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். நாற்பது வருடம் ஒரே சுரங்கத்துக்குள் படுத்துக்கொண்டே கரி வெட்டிய மனிதருக்கு இடம் அலுக்குமா?

என் இடுப்பு எலும்பை மாற்றிவிட்டார்கள். நடைவண்டி பிடித்துத்தான் தபால் பெட்டி வரை போகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் அதற்கும் ஒரு குறை சொல்வாய் என்பதால் சொல்கிறேன்.

நேரே கேட்கிறேன். அவருடைய ஆக்சிஜன் மெஷினுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

வில்டா


டெமிங் பக்கம், நியூ மெக்சிகோ
நவம்பர் 9

வில்டா,

கரண்டுக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

நடுவில் கொஞ்ச நாள் அரசாங்க வனாந்தரத்தில் நிறுத்தியிருந்தோம். அங்கே இரண்டு வாரம் காசில்லாமல் இருக்கலாம். எங்களைப் போலப் பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் இப்போது அங்கேதான். ஒருத்தி வண்டி நிறைய கோழி வைத்திருக்கிறாள். கரண்ட் மட்டும் கிடையாது. ஜெனரேட்டரை ஓட்டினால் பெட்ரோல் குடிக்கிறது. பக்கத்து வண்டிக்காரர் வந்து, "சத்தம் தாங்கலைங்க"ன்னார். "அதை நிறுத்தினா இவர் சத்தம் தாங்கமாட்டீங்க"ன்னேன். இவரை உட்கார்ந்தபடியே தூங்க வைத்தேன். அது முடிந்து போன கதை.

இப்போது ஏரிக்கரை முகாம் ஒன்றில் காவல் வேலை. தம்பதியாக இருக்க வேண்டும், சம்பளம் கிடையாது. கழிப்பறை கழுவி, நெருப்புக் குழிகளில் சாம்பல் அள்ளி, வருகிறவர்களுக்கு இடம் காட்ட வேண்டும். பதிலுக்கு ஒரு இடமும் தண்ணீரும் கரண்டும். பெண்ணுக்குக் கழிப்பறை, ஆணுக்குச் சாம்பல் என்று பிரித்துக் கொடுத்தார்கள். நாங்கள் நன்றாகவே பார்த்துக்கொள்கிறோம். மேலதிகாரி எப்போதாவது ரோட்டிலிருந்தே கை காட்டிவிட்டுப் போவார்.

உன் இடுப்பைப் பற்றி ஏன் முன்னாலேயே எழுதவில்லை? நடைவண்டியின் கால்களுக்கு டென்னிஸ் பந்து மாட்டு, வழுக்காது.

ஆர்டித்


டேட்டன்
நவம்பர் 20

அக்கா,

பந்து மாட்டியாயிற்று.

அத்தானால் நாலு படி ஏற முடியாது. அவர் சாம்பல் அள்ளுகிறார் என்று எனக்கு எழுதுகிறாயே, நான் என்ன சுரங்கக் கம்பெனி டாக்டரா, அவர் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்று நம்புவதற்கு? அவருடைய தொப்பியையும் மேல்கோட்டையும் மாட்டிக்கொண்டு நீதான் அள்ளுகிறாய். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பதிலாக வருகைக்குக் கை தூக்கியவள் நீ. உன்னைத் தெரியாதா எனக்கு?

எழுபத்தாறு வயது உனக்கு. அந்த வண்டியை விற்றுவிட்டு ஒரு அறை எடுங்கள். இல்லையென்றால் ஷெல்பியிடம் நான் சொல்வேன்.

வில்டா


ஃபோர்ட் டேவிஸ் பக்கம், டெக்சஸ்
டிசம்பர் 12

வில்டா,

ஷெல்பியிடம் நீ வாயைத் திறந்தாயானால் இந்தப் பிறவியில் உனக்குக் கடிதம் கிடையாது. அவள் தோழியோடு ஒரே அறையில் இருக்கிறாள். கோல்பி பாலத்தோடு ஊர் ஊராகப் போகிறான். மேசியின் அப்பா, என் மகன், மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறான், லிஃப்ட் இல்லை. பாட்டியும் தாத்தாவும் வெயில் காய்ந்துகொண்டு சுகமாகச் சுற்றுகிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும்.

ஆமாம், கோட்டு மாட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் டெல்மரேதான். ஒருநாள் ஒரு ஆள், "அண்ணே, தண்ணி எங்க பிடிக்கணும்?" என்றே கேட்டான். இருமிக் காட்டி, குழாய்ப் பக்கம் கை நீட்டிவிட்டேன். ஆனால் அந்த வேலையும் போய்விட்டது. அங்கேயும் ஒரு கம்பெனி வந்துவிட்டது. காவல்காரர்களும் இனிமேல் கரண்டுக்குக் கட்ட வேண்டும். நான் ஏமாற்றியது தெரிவதற்குள் அவர்கள் முந்திக்கொண்டார்கள்.

இன்னொன்று கேள், சிரித்துக்கொள். கோல்பி என் போனில் ஒரு ஆப் ஏற்றித் தந்திருந்தான். பண்ணைக்காரர்கள் ஒரு இரவு சும்மா நிறுத்த விடுவார்கள், பதிலுக்கு அவர்களிடம் ஏதாவது வாங்க வேண்டும். திராட்சைத் தோட்டம் ஒன்றின் படம் இருந்தது. ஜெல்லி வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன். போய்ப் பார்த்தால் மதுக்கடை! ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து அந்த வாசனைகூட அறியாதவள், புட்டி புட்டியாக அடுக்கி வைத்திருக்கிற இடத்தில் போய் நிற்கிறேன். அந்தப் பெண் அன்பாக, "சிவப்பா, வெள்ளையாம்மா?" என்றாள். "எது மலிவோ அது"ன்னேன். புட்டியை டெல்மரின் காலுறைக்குள் சுருட்டி உருளைக்கிழங்குக்கு அடியில் வைத்திருக்கிறேன். எறியவும் மனமில்லை, காசு கொடுத்தது. இவர் சிரித்தார், சிரித்தார், சிரிப்பு இருமலாகி உதடு நீலமாகும் வரை சிரித்தார். அதன் பிறகு நான் அவரைச் சிரிக்க வைப்பதில்லை.

வண்டியை விற்றால் அறைக்கு முன்பணம்கூடத் தேறாது. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

உன் வீட்டு வாசலில், கார் நிறுத்தும் சிமென்ட் தளத்தில், எங்களுக்கு இடம் இருக்குமா? ஒரு ஒயர் இழுத்தால் போதும். சாப்பாடு என் பொறுப்பு. உன் இடுப்புக்கும் ஆளாயிற்று.

இதை எழுத எனக்கு மூன்று தாள் வீணானது.

ஆர்டித்


டேட்டன்
டிசம்பர் 22

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் நடைவண்டியோடு வெளியே போய் தளத்தை அளந்தேன். வண்டி நிற்கும், பின்பக்கம் மட்டும் நடைபாதைக்கு நீட்டும். அதற்கப்புறம் நகராட்சிக்குப் போன் போட்டேன். வீட்டு வாசலில் வீட்டு வண்டி இரண்டு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, அதில் ஆள் தூங்கவே கூடாதாம். "எங்க அக்காங்க"ன்னேன். "எல்லாருக்கும் ஒரு அக்கா இருக்காங்கம்மா, இந்த வாரத்திலயே நாலாவது போன் இது"ன்னான். எதிர் வீட்டுக்காரி என் குப்பைத் தொட்டி மூடி திறந்திருந்ததற்கே புகார் எழுதினவள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்களை இழுத்துக்கொண்டு போகும் வண்டியை நான் ஜன்னலில் நின்று பார்க்க மாட்டேன்.

உள்ளே வாருங்கள் என்று சொல்லலாம். வாசலில் ஏழு படி, குளியலறை மாடியில். நானே சமையலறையில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறேன்.

ஆனால் ஒரு இடம் இருக்கிறது. கோபப்படாமல் படி.

நாம் பிறந்து வளர்ந்த லாரல் ஓடையில் அம்மாவின் வீட்டையும் மலையையும் நீ மரக் கம்பெனிக்கு விற்றபோது, கல்லறை மேட்டை மட்டும் பத்திரத்திலிருந்து பிரித்து வைக்கச் சொல்லி நான் கத்தினேன். வாங்க வந்தவன் எதிரிலேயே, "செத்தவங்க அரை ஏக்கரை வச்சு இவ என்ன பண்ணப் போறா?" என்றாய். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள் நான். அந்த அரை ஏக்கர் இன்றும் நம்முடையது. வண்டிப் பாதையும் நம்முடையது. மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைக்கிற ஞாயிறுக்காகச் சித்தப்பா மகன்கள் கட்டிய சாப்பாட்டுக் கொட்டகை இருக்கிறதே, அதில் பிரசங்கியாரின் ஒலிபெருக்கிக்கும் காப்பி அண்டாவுக்கும் கரண்ட் இழுத்திருக்கிறார்கள். அந்த இணைப்பு என் பெயரில். வருடம் முழுக்க நான்தான் கட்டுகிறேன்.

உன்னைக் குத்திக் காட்ட இதை எழுதவில்லை. கொஞ்சம் குத்திக் காட்டத்தான் எழுதுகிறேன். ஆனால் வா.

வில்டா


ஃபோர்ட் டேவிஸ் பக்கம்
ஜனவரி 3, 2024

வில்டா,

மூச்சு விடுகிற மனிதரைக் கல்லறையில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்கிறாய். எழுதும்போது உன் கை கூசவில்லையா?

அந்த ஈரக் காற்று ஆகாது என்று டாக்டர் சொல்லித்தானே மலையை விற்றோம்? ஊர் ஊராகச் சுற்ற ஆசைப்பட்டு விற்றோம் என்றுதானே நீ இன்றுவரை நினைக்கிறாய்?

டெல்மரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சொன்னார்: "அங்கதான் எப்படியும் போகப் போறேன். முன்னாடியே போயி ஒத்திகை பாக்கணுமா?"

வேண்டாம். வழி பார்த்துக்கொள்வோம். இங்கே ஒரு தேவாலயத்தார் கொஞ்ச நாள் நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆர்டித்


லிட்டில் ராக், ஆர்கன்சா
ஜனவரி 19

வில்டா,

ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்திலிருந்து எழுதுகிறேன். தேவாலயத்துப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் புகார் செய்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஊர் ஊராகப் போய்ப் பெரிய கடைகளின் வாசலில் நிறுத்திப் பார்த்தோம். முன்பெல்லாம் விடுவார்கள், இப்போது எல்லா இடத்திலும் பலகை. ஒருத்தன் கதவைத் தட்டினான், டெல்மர் எழுந்து நின்று பதில் சொல்லப் போனார், அப்படியே விழுந்துவிட்டார். மெஷினின் பேட்டரி தீர்ந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. தூங்கிவிட்டேன், வில்டா. பகல் முழுக்க ஓட்டியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து நீரெல்லாம் எடுத்து நெஞ்சைச் சரிசெய்தார்கள். நாளை அனுப்பிவிடுவார்கள். "எங்க அனுப்புறது, விலாசம் சொல்லுங்க"ன்னு பதிவு எழுதுகிற பெண் கேட்டாள். லாரல் ஓடை என்று சொன்னேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

கல்லறை மேட்டுக் கேட்டின் சாவி எங்கே? பக்கத்து ஊர் ஹேசார்ட் தபால் நிலையத்தில் என் பெயருக்கு வைத்திருக்கச் சொல்லி எழுது.

ஆர்டித்


டேட்டன்
ஜனவரி 24

அக்கா,

சாவியை இந்த உறையிலேயே டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். ஹேசார்ட் தபால் நிலையத்துக்கு அவசரத் தபாலில் அனுப்புகிறேன். பூட்டு உறைந்திருந்தால் தீக்குச்சி கிழித்துக் காட்டு.

கொட்டகையில் காப்பி அண்டா வைக்கிற பலகைக்குப் பின்னால் இரும்புப் பெட்டி. மேல் சுவிட்சைத் தூக்கு. சாதாரண பிளக்தான். ஹீட்டரையும் அடுப்பையும் ஒன்றாகப் போட்டால் அணைந்துவிடும், மெஷினைத் தனிக் கம்பியில் போடு. வேலி ஓரம் சரிவு, சக்கரத்துக்குக் கல் கொடு. ஹோபார்ட் சித்தப்பா மேல் மட்டும் நிறுத்திவிடாதே. அவருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது, பழைய லில்லிச் செடிதான் அடையாளம்.

மேடு நம்முடையதுதான், ஆனால் கல்லறையாக மட்டும் என்று பத்திரத்தில் இருக்கிறது: பார்க்க வரவும் புதைக்கவும் உரிமை. குடியிருக்க அல்ல. யார் வந்து கேட்டாலும் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்.

ஷெல்பியிடம் சொல்லிவிட்டேன். கடிதம் எழுதாமல் இருக்க வேண்டுமானால் இரு. இடுப்பு டாக்டர் விட்டதும், மே மாதம் பூ வைக்கிற ஞாயிறுக்கு, மகனோடு காரில் வந்துவிடுவேன். அதுவரை அவரை மூச்சு விட வை.

வில்டா


லாரல் ஓடை
பிப்ரவரி 15

வில்டா,

வந்து சேர்ந்துவிட்டோம். தீக்குச்சி ஆறு ஆயிற்று. சித்தப்பா மேல் நிறுத்தவில்லை.

சுவிட்சைத் தூக்கியதும் மெஷின் உறும ஆரம்பித்தது. டெல்மர் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். யூமாவை விட்ட பிறகு, அடுத்து எங்கே என்று அவர் கேட்காமல் இருந்தது அன்றைக்குத்தான். இங்கே மழையும் சேறும்தான். மரத்தையெல்லாம் வெட்டிவிட்டதால் ஓடை கலங்கலாகச் சத்தம் போட்டுக்கொண்டு போகிறது. நம் வீடு இருந்த இடத்தில் லாரிகள் திரும்புகின்றன.

மூன்றாம் நாளே கம்பெனிக் காவலாள் வந்துவிட்டான். லோனி என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். சேற்றில் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து நின்றான்.

"அம்மா, இங்க பார்க்க வரலாம், தங்கக் கூடாது."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"எவ்வளவு நேரம் பாப்பீங்க?"

"இங்க எங்கம்மா படுத்திருக்காங்க. பேசி முடிக்கணும். அவங்க பாதி பேச்சுலதான் போனாங்க."

"வண்டியில அடுப்பு எரியுது."

"அம்மாவைப் பாக்க வந்தா பட்டினியாவா உக்காருவாங்க? பீன்ஸும் சோளரொட்டியும் இருக்கு. ஏறி வா, காத்து உள்ள வருது."

ஏறி வந்தான். டெல்மரைப் பார்த்தான், மூக்குக் குழாயைப் பார்த்தான். "எந்தச் சுரங்கம் நீங்க?" என்றான். இவர் சொன்னார். அதற்கப்புறம் அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். அவன் அப்பாவும் அங்கேதானாம். ரொட்டியைச் சாப்பிட்டு முடித்து, "நான் தினமும் இந்தப் பக்கம் வரேன். தினமும் நீங்க அன்னிக்குத்தான் வந்தீங்க, அவ்வளவுதான்"ன்னு சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து தினமும் ஜீப்பை நிறுத்தி, "எப்ப வந்தீங்க?" என்பான். "இப்பதான்"னு இவர் கையைத் தூக்குவார். ஆனால் மாதக் கடைசியில் கம்பெனியிலிருந்து மேலதிகாரி ஒருவன் வருகிறானாம். அவன் இவனைப் போல இருப்பான் என்று என்ன நிச்சயம்?

நீ சொல்லிவிட்டதால் ஷெல்பி வந்தாள். உன்மேல் கோபப்பட எனக்கு இப்போது நேரமில்லை. தாத்தாவின் முதுகில் காது வைத்துக் கேட்டாள், ஆக்சிஜன் அளக்கிற கருவியை விரலில் மாட்டிப் பார்த்தாள், கணுக்காலை அமுக்கிப் பார்த்தாள். "பாட்டி, நான் கொஞ்சம் பெரிய பாட்டியைப் பாத்துட்டு வரேன்"ன்னு அம்மாவின் கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து அவரிடம், "தேறிட்டீங்க தாத்தா, ரெண்டு பவுண்டு கூடிட்டீங்க"ன்னாள். கூடியது உடம்பல்ல, காலில் நீர். என்னைத் தனியாகக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், மே மாதம் வரை என்று நினைக்காதீங்க பாட்டி என்றாள். அவள் வகுப்பிலேயே கெட்டிக்காரி. தப்பாகச் சொல்லமாட்டாள். முதல் தடவையாக அவள் தப்பாகச் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவள் எவ்வளவோ கேட்டாள். இவர் கேட்கவில்லை. "இனிமே ஒரு இடத்தையும் காலி பண்ண மாட்டேன்"ன்னுவிட்டார். வெயில் எட்டிப் பார்த்தால் நாற்காலி போட்டு வெளியே உட்கார்த்துகிறேன். ஒயர் நீளமாக இருக்கிறது. ஒவ்வொரு கல்லாகப் பெயர் படிக்கிறார். தனக்கு இடமும் பார்த்துவிட்டார். "உங்கம்மா பக்கத்துல வேணாம், பேசிக்கிட்டே இருப்பாங்க. அந்த வேலி ஓரம் போதும்"ன்னார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, மூச்சுக்காக.

நேற்று திடீரென்று, "இந்தக் கரண்டுக்கு யார் கட்டுறா?" என்றார். வில்டா என்றேன். "அவ எப்படி இருப்பான்னே மறந்துபோச்சே. தலை நரைச்சிருக்குமா?" எனக்குத் தெரியவில்லை, வில்டா. சொந்தத் தங்கையின் தலை நரைத்ததா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. எங்களிடம் இருப்பது நீ அந்தச் சிவப்புக் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிற படம்தான். அதில் உனக்கு நாற்பது வயதுகூட இராது. அதைத்தான் காட்டினேன். "இது இல்ல. இப்ப இருக்கிறவளைப் பாக்கணும்"ன்னார்.

அதனால் புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நடைவண்டியோடு இருந்தால் இருக்கட்டும், சமையலறைக் கட்டிலில் இருந்தாலும் சரி. தலை வாரிக்கொள்ள வேண்டும், நல்ல சட்டை போட வேண்டும் என்று நாளைக் கடத்தாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எடு, அவசரத் தபாலில் போடு.

ஆர்டித்